ட்யூனர் பச்சை காட்டுது, ஓப்பன் கார்ட் புளிக்குது – சேடிலை நகர்த்தியும் தீரலை

சிப்புட்_சுருதி எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். கிட்டார் ஸ்ட்ராட் வகை, ஆறு ஸ்குரூ ட்ரெமொலோ (கைப்பிடியால ப்ரிட்ஜை ஆட்டி சுருதியை அசைக்கிற அமைப்பு), ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) 25.5 அங்குலம். முன்னாடி 9-42 கம்பி இருந்துச்சு, இப்ப 10-46 போட்டிருக்கு (மெல்லிய ஈ, தடி ஈ தடிப்பு, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல). கம்பி புதுசு. கோயில் திருவிழாவிலயும் கல்யாண மண்டபத்திலயும் கீபோர்டோட சேர்ந்து வாசிக்கிற கிட்டார், அதனால சுருதி கொஞ்சம் விலகினாலும் பளிச்சுனு தெரிஞ்சிடுது.

ட்யூனர்ல ஆறு கம்பியும் சரியா நிக்குது. ஆனா ஓப்பன் ஈ, ஏ, டி கார்ட் பிடிச்சா புளிக்குது. அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டை) மேல, ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்துற பார் கார்ட் பிடிச்சா அவ்வளவு மோசமில்ல. ஜி கம்பியை பெண்ட் பண்ணி (விரலால ஓரமா தள்ளி) விட்டா சுருதி இறங்கி நிக்குது. அதே கம்பி, ட்ரெமொலோ கைப்பிடியை அழுத்தி விட்டா ஏறி நிக்குது. எப்படி ஒரே கம்பி ரெண்டு பக்கமும் போகுதுன்னு புரியல.

12-வது ஃப்ரெட் பார்த்து இன்டொனேஷன் (ஃப்ரெட்ல அழுத்தினாலும் சுருதி சரியா பேசுறது) சரி பண்ணப் போனா, தடி ஈ கம்பியோட சேடில் (ப்ரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சின்னத் துண்டு) பின்னால கடைசி வரைக்கும் போயி ஸ்ப்ரிங் நசுங்கி நிக்குது. அப்பவும் 12-ல 5 சென்ட் (அரைச் சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏத்தமா இருக்கு. மத்த கம்பி ஏறக்குறைய சரி. இன்னொண்ணு, தடி ஈ-யில 15-வது ஃப்ரெட்டுக்கு மேல போனா, நெக் பிக்கப்புல (கழுத்துப் பக்கம் இருக்கிற, கம்பி அதிர்வை எடுக்கிற காந்தம்) ஒரே சுரத்துல ரெண்டு சுருதி கலந்து ஆடுற மாதிரி கேக்குது.

ஈப்போவுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி வீட்டிலேயே எதுவரைக்கும் செய்யலாம்? கையில க்ளிப் ட்யூனர், ஆலன் கீ செட், ஸ்குரூ ட்ரைவர் இருக்கு.

---

ஆறுகம்பி எழுதியது:

தம்பி, நீங்க சொன்னதுல ரெண்டு வேற வேற வியாதி இருக்கு. சுருதி நிக்காம ஓடுறது ஒண்ணு. சுருதி நின்னாலும் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் தப்பா பேசுறது இன்னொண்ணு. முதல் வியாதிக்கு சேடில் மருந்தே இல்ல. ரெண்டாவதுக்கும் பாதி நேரம் சேடில் மருந்தில்ல, உங்க விஷயத்துல அப்படித்தான் தெரியுது.

ஜி கம்பி ரெண்டு பக்கமும் போறதுக்குக் காரணம் நட் (தலைப்பக்கம் கம்பி உக்கார்ற வெள்ளைத் துண்டு). பெண்ட் பண்ணும்போது தலைப்பக்கத்துலேர்ந்து கொஞ்சம் கம்பி நட் வழியா உள்ள இழுபடுது. விட்டதும் அது திரும்பிப் போகணும். பள்ளம் இறுக்கமா இருந்தா போகாது. வாசிக்கிற பக்கம் கம்பி மிச்சமாகி, தொய்ஞ்சு, சுருதி இறங்கும். கைப்பிடியை அழுத்தும்போது தலைகீழ். தொய்ஞ்ச கம்பி தலைப்பக்கம் நழுவிப் போயி, விட்டதும் திரும்பி வராம மாட்டிக்கும், அதனால ஏறி நிக்கும்.

சோதிச்சுப் பாருங்க. ஜி-யை பெண்ட் பண்ணி விடுங்க, இறங்கி நிக்கட்டும். அப்புறம் நட்டுக்கும் சாவிக்கும் (தலையில சுருதி சேர்க்கத் திருப்புறது) நடுவுல அந்தக் கம்பியை விரலால ஒரு தடவை அழுத்தி எடுங்க. சுருதி திரும்பி வந்துட்டா நட்தான், சந்தேகமே வேணாம். சாவி திருப்பும்போது "டிங்"னு ஒரு சத்தம் வந்து சுருதி குதிச்சாலும் அதே காரணம். 9-க்கு வெட்டின பள்ளத்துல 10 செட் போட்டீங்க, ஜி 0.016 அங்குலத்துலேர்ந்து 0.017 ஆச்சு, சுத்தின கம்பிங்க (மேல மெல்லிய கம்பி சுத்தின தடிக் கம்பி மூணும்) இன்னும் தடிச்சுது. இறுகாம என்ன செய்யும்.

தற்காலிகமா: கம்பியைத் தளர்த்தி ஓரமா தூக்கி வெச்சுட்டு, கூர் சீவின 2பி பென்சிலால பள்ளத்துக்குள்ள நல்லா தேயுங்க. கறுப்புப் பொடி படியணும். தலைமேல கம்பியை அழுத்திப் பிடிக்கிற சின்ன கொக்கிக்கு அடியிலயும் தேயுங்க, பி-யும் மெல்லிய ஈ-யும் மாட்டுறது பெரும்பாலும் அங்கதான். எண்ணெய் ஊத்தாதீங்க, மரத்துல இறங்கும்.

கம்பி புதுசுன்னா இழுத்து விட்டீங்களா? 12-வது ஃப்ரெட் மேல பிடிச்சு ஒரு ரெண்டு சென்டிமீட்டர் மெதுவா தூக்கணும், திரும்ப சுருதி சேர்க்கணும், தூக்கினாலும் இறங்காத வரைக்கும் இதையே செய்யணும். சாவித் தண்டுல சுத்து தடிக் கம்பிக்கு ரெண்டு, மெல்லிய கம்பிக்கு மூணு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம கீழ்நோக்கி இறங்கணும். சுருதியை எப்பவும் கீழேர்ந்து மேல ஏத்தி நிறுத்துங்க. தாண்டிட்டா நல்லா இறக்கிட்டுத் திரும்ப ஏத்துங்க.

இனி அளவு வேணும். அளவில்லாம சொன்னா குருட்டு வைத்தியம். மோட்டோர் பட்டறையில வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் இருக்குமே, அது ஒரு செட் வாங்கிக்குங்க. ஒரு ஸ்டீல் ரூலர். இந்த நாலும் அளந்து போடுங்க:

கழுத்து வளைவு – முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) மாட்டி, கழுத்து உடம்போட சேர்ற இடத்து ஃப்ரெட்ல தடி ஈ-யை அழுத்தி, 7-வதுக்கும் 8-வதுக்கும் கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி.
ஆக்‌ஷன் – 17-வது ஃப்ரெட்ல கம்பியோட அடிக்கும் ஃப்ரெட் உச்சிக்கும் உள்ள தூரம்.
நட் – 3-வது ஃப்ரெட்ல கம்பியை அழுத்திட்டு, முதல் ஃப்ரெட் மேல எவ்வளவு சந்து.
பிக்கப் – கடைசி ஃப்ரெட்ல அழுத்திட்டு, கம்பி அடிக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரம்.

கூடவே ஒவ்வொரு கம்பியும் முதல் ஃப்ரெட்ல எத்தனை சென்ட் ஏத்தம்னு எழுதுங்க. ரொம்ப பேரு 12-வதை மட்டும் பார்த்துட்டு முதல் ஃப்ரெட்டை விட்டுடறாங்க, ஓப்பன் கார்ட் வாழுறது அங்கதான்.

---

தாப்பா_பேஸ் எழுதியது:

மேல சொன்னது சரி. ஆனா நட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ப்ரிட்ஜைப் (உடம்பு மேல சேடில் எல்லாம் உக்கார்ற தட்டு) பாருங்க. 25.5 அங்குல ஸ்கேல்ல 9-42 செட்டோட மொத்த இழுவிசை ஏறக்குறைய 38 கிலோ. 10-46 போட்டா 46 கிலோவைத் தாண்டும். அந்த எட்டு கிலோவைப் பின்னால இருக்கிற ஸ்ப்ரிங் தாங்கணும். ஸ்ப்ரிங்கை இறுக்காம கம்பியை மட்டும் மாத்தினா ப்ரிட்ஜ் முன்னால சாயும், சேடில் எல்லாம் தூக்கும், ஆக்‌ஷன் ஏறும். ஆக்‌ஷன் ஏறினா கம்பியை அழுத்த அதிகம் இழுக்கணும், இழுத்தா சுருதி ஏறும். தடி ஈ சேடிலுக்கு இடம் பத்தாம போனதுக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன். ப்ரிட்ஜ் தட்டோட பின்விளிம்பு உடம்புலேர்ந்து எத்தனை மி.மீ. தூக்கி நிக்குதுன்னு அளவோட சேர்த்துப் போடுங்க.

ஒரு கணக்கு மனசுல வெச்சுக்குங்க. இந்த ஸ்கேல்ல சேடிலை 1 மி.மீ. பின்னால நகர்த்தினா 12-வது ஃப்ரெட்ல ஏறக்குறைய 2.7 சென்ட்தான் இறங்கும். 15 சென்ட் கோளாறை சேடிலால தீர்க்கணும்னா அஞ்சரை மி.மீ. வேணும். அவ்வளவு தூரம் ஒரு சேடில் போகணும்னா தப்பு வேற எங்கயோ இருக்கு.

---

சிப்புட்_சுருதி எழுதியது:

நன்றி அண்ணே. பென்சில் தேய்ச்சதுல "டிங்" சத்தம் குறைஞ்சுது, ஆனா ஜி இன்னும் கொஞ்சம் மாட்டுது. நட்டுக்குப் பின்னால அழுத்தினா சுருதி திரும்பி வருது. அளவு இதோ.

கழுத்து வளைவு 0.45 மி.மீ. ஆக்‌ஷன் தடி ஈ 2.6, மெல்லிய ஈ 2.2 மி.மீ. ப்ரிட்ஜ் பின்விளிம்பு 5 மி.மீ. தூக்கி நிக்குது, பின்னால மூணு ஸ்ப்ரிங். நெக் பிக்கப் தடி ஈ பக்கம் 1.3 மி.மீ. நட்ல 3-வதை அழுத்திப் பார்த்தா முதல் ஃப்ரெட் மேல ஜி-க்கு 0.35, பி-க்கு 0.3, மத்ததுக்கு 0.2-லேர்ந்து 0.25 வரைக்கும்.

முதல் ஃப்ரெட் சென்ட், தடி ஈ-யிலேர்ந்து வரிசையா: +8, +10, +9, +17, +12, +7.

---

ஆறுகம்பி எழுதியது:

எல்லாமே அளவுல எழுதி வெச்ச மாதிரி தெரியுது. வரிசை மாறாம செய்யுங்க, ஒரு படி முடிஞ்சதும் ஆறு கம்பியும் திரும்ப சுருதி சேர்த்துட்டுத்தான் அடுத்தது. ஒண்ணை மாத்தினா மத்த எல்லாமே நகரும்.

ஸ்ப்ரிங். பின் மூடியைக் கழட்டுங்க. நாலாவது ஸ்ப்ரிங் ஒண்ணு சேர்த்தா நல்லது. ஸ்ப்ரிங் மாட்டியிருக்கிற இரும்புத் தகட்டுல மரத்துக்குள்ள போற ரெண்டு நீள ஸ்குரூ இருக்கும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திட்டு ரெண்டையும் சமமா அரைச் சுத்து இறுக்குங்க, திரும்ப சுருதி சேர்த்துட்டு அளங்க. பின்விளிம்பு 3 மி.மீ. கிட்ட வரணும். கைப்பிடியை மேல இழுத்து வாசிக்கிறதே இல்லன்னா, அஞ்சு ஸ்ப்ரிங் போட்டு ப்ரிட்ஜை உடம்போட படுக்க வெச்சுடுங்க. மேடை ஓரமா நின்னு நாலு மணி நேரம் வாசிக்கிற கிட்டாருக்கு என் ஓட்டு அதுக்குத்தான். ஒரு கம்பி அறுந்தாலும் மத்த அஞ்சும் சுருதியில நிக்கும். முன்னால இருக்கிற ஆறு ஸ்குரூவும் தட்டை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, தட்டு அந்த ஸ்குரூங்களோட கழுத்துல தடையில்லாம சாயணும்.

கழுத்து. 0.45 அதிகம். 0.25-க்கு வரணும். ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள ஓடுற இரும்புத் தண்டு) வலப்பக்கம் கால் சுத்து, அதுக்கு மேல ஒரே தடவையில வேணாம். சுருதி சேர்த்து அளந்துட்டு, போதலன்னா இன்னொரு கால் சுத்து. மரம் மெதுவாத்தான் கேக்கும், அடுத்த நாள் ஒரு தடவை அளந்து பாருங்க. ஆலன் கீ சரியா உள்ள உக்காராம திருப்பினா முனை தேஞ்சு போகும், அப்புறம் கழுத்தையே மாத்துற நிலைமை. இறுகி நகர மாட்டேங்குதுன்னா அங்கயே நிறுத்திட்டு ஈப்போவுக்குக் கொண்டுபோங்க.

ஆக்‌ஷன். ப்ரிட்ஜும் கழுத்தும் சரியான உடனே இது தானா பாதி இறங்கியிருக்கும். மிச்சத்தை சேடில் ஸ்குரூவால 17-வது ஃப்ரெட்ல 1.6 மி.மீ.க்குக் கொண்டுவாங்க. அழுத்தி அடிச்சு வாசிக்கிறவங்களுக்கு தடி ஈ பக்கம் 1.8 வெச்சா ஃப்ரெட்ல உரசாது. நம்ம ஊரு ஈரத்துக்கும் கை வேர்வைக்கும் அந்தச் சின்ன ஆலன் ஸ்குரூ துருப் பிடிச்சு மாட்டிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, பல்குத்தும் குச்சி முனையில எடுத்து வெச்சு, ராத்திரி விட்டுட்டுக் காலையில திருப்புங்க. பலவந்தமா திருப்பினா ஆறு மூலையும் வட்டமாயிடும்.

பிக்கப். அந்த ரெண்டு சுருதி ஆட்டத்துக்குக் காரணம் 1.3 மி.மீ. காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுக்குது, கம்பி ஒழுங்கா ஆட முடியல. தடிக் கம்பி, நெக் பிக்கப், உயர ஃப்ரெட் மூணும் சேர்ற இடத்துல மோசமா கேக்கும். தடி ஈ பக்கம் 2.5, மெல்லிய பக்கம் 2 மி.மீ.க்கு இறக்குங்க. சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப்ல ஏத்திக்கலாம். இன்டொனேஷன் பார்க்கிறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும், இல்லன்னா ட்யூனர் முள்ளே நிலையா நிக்காது.

அதுக்கப்புறம் நட். முதல் ஃப்ரெட்ல +17 காட்டுற ஜி-தான் உங்க ஈ கார்டைப் புளிக்க வைக்குது. ஈ கார்ட்ல ஜி கம்பி முதல் ஃப்ரெட்லதான் அழுத்துறோம். டி கார்ட்ல ஜி 2-ல, பி 3-ல. நட் உயரமா இருந்தா அந்த மூணு ஃப்ரெட்டும் பாதிக்கும், 5-க்கு மேல போகப் போகத் தெரியாது. நீங்க முதல்ல சொன்ன அடையாளமே அதுதான். இதை எந்த சேடிலும் திருத்தாது.

---

தாப்பா_பேஸ் எழுதியது:

நட் வெட்டுற வேலையைப் பத்தி விவரமா சொல்றேன், ஏன்னா இதுலதான் அவசரப்பட்டுக் கெடுக்கிறது அதிகம். அளவுக்கு ஏத்த நட் அரம் விலை கூடுதல். ஹார்ட்வேர் கடையில கேஸ் வெல்டிங் முனையைத் துளைவிடுற கம்பி செட் கிடைக்கும், மலிவு, ஒவ்வொண்ணும் வேற தடிப்பு, மேல அரம் மாதிரி சொரசொரப்பு. ஜி-யும் சுத்தின கம்பி மூணும் அதுல செய்யலாம். கம்பியை விட 0.05-லேர்ந்து 0.1 மி.மீ. தடிச்சதா எடுங்க. ஜி 0.43 மி.மீ., அதுக்கு 0.5 போதும். மெல்லிய ரெண்டுக்கும் அந்த செட்ல அளவு கிடைக்காது. ஃபீலர் கேஜ்ல 0.3 தகட்டையும் 0.4 தகட்டையும் எடுத்து, விளிம்புல முக்கோண அரத்தால நெருக்கமா பல் வெட்டினா சின்ன வாள் ஆயிடும். 0.3 மெல்லிய ஈ-க்கு, 0.4 பி-க்கு.

விரல் பலகையில ரெண்டு அடுக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்க. கம்பியைத் தளர்த்தி ஓரமா வெச்சுட்டு, அரத்தைத் தலைப்பக்கம் சாவியை நோக்கி இறங்குற சாய்வுல பிடிச்சு, நாலு அஞ்சு தடவை மட்டும் தேயுங்க. பொடியை ஊதிட்டு, கம்பியை வெச்சு, சுருதி சேர்த்து, 3-வதை அழுத்தி முதல் ஃப்ரெட் மேல சந்து பாருங்க. 80 கிராம் ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிப்பு. அந்தத் தாள் தட்டுத் தடுமாறி நுழையுற அளவுக்கு வந்தாலே நிறுத்திடலாம். தடி ஈ-க்கு அதைவிடக் கொஞ்சம் கூட விடுங்க, அது பெரிசா ஆடுற கம்பி.

சாய்வு முக்கியம். கம்பி கடைசியாத் தொடுற இடம் விரல் பலகைப் பக்க விளிம்பா இருக்கணும். நடுவுலயோ பின்னாலயோ தொட்டா ஓப்பன் கம்பி சிதார் மாதிரி ரீங்கரிக்கும், சுருதியும் கொஞ்சம் இறங்கிப் பேசும். ஆழம் கூடிப்போயி ஓப்பன் கம்பி முதல் ஃப்ரெட்ல உரசினா, பள்ளத்துல எலும்புத் தூளோ பேக்கிங் சோடாவோ துளி வெச்சு சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, கெட்டியானதும் திரும்ப வெட்டலாம். கொஞ்ச காலத்துக்குத் தாங்கும். அப்புறம் எலும்பு நட் புதுசா போட்டுடுங்க.

முதல்ல ஜி மட்டும் செய்யுங்க. முதல் ஃப்ரெட்ல 3, 4 சென்ட் ஏத்தம் மிச்சம் இருக்கும், அதுக்கு மேல துரத்தாதீங்க.

---

கிந்தா_கீஸ் எழுதியது:

கீபோர்ட் வாசிக்கிறவன் பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம். க்ளிப் ட்யூனர்ல ஒரு பட்டனைத் தெரியாம அழுத்தினா ஏ=440 (ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) இருந்தது 442 ஆகிடும், திரையில ஓரமா சின்னதா எழுதியிருக்கும். 442-க்கும் 440-க்கும் 8 சென்ட் வித்தியாசம். கீபோர்ட்லயும் மாஸ்டர் ட்யூன்னு ஒண்ணு இருக்கு, வேற குழுவுக்காக யாராவது மாத்தி வெச்சிருக்கலாம். மேடை ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் 440 பார்த்துக்குங்க.

அடுத்தது, 5-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (ஃப்ரெட்டுக்கு நேர் மேல கம்பியை அழுத்தாம லேசா தொட்டு எழுப்புற சுரம்) 7-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் ஒட்ட வெச்சு சுருதி சேர்க்கிற பழக்கம். 7-வது ஹார்மோனிக் தர்ற பஞ்சமம் 702 சென்ட், கீபோர்டும் ஃப்ரெட்டும் பேசுறது 700. தடி ஈ-யிலேர்ந்து ஏ, ஏ-யிலேர்ந்து டி, டி-யிலேர்ந்து ஜி-ன்னு போனா ஒவ்வொரு படிக்கும் 2 சென்ட் இறங்கி, ஜி-யில 6 சென்ட் குறைஞ்சு நிக்கும். கீபோர்டோட வாசிக்கிற கிட்டாருக்கு ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியா ட்யூனர்ல வைங்க.

ஏர்கோன் ரூம்லேர்ந்து எடுத்து நேரா திறந்த மண்டபத்துக்குக் கொண்டுபோனா கம்பி சூடாகி நீளும், சுருதி இறங்கும். பெட்டியைத் திறந்து மேடை ஓரத்துல ஒரு அரை மணி நேரம் வெச்சுட்டு அப்புறம் சுருதி சேருங்க.

---

சிப்புட்_சுருதி எழுதியது:

ப்ரிட்ஜைப் படுக்க வெச்சு அஞ்சு ஸ்ப்ரிங் போட்டாச்சு. கழுத்து 0.25, ஆக்‌ஷன் 1.8 / 1.6. ஜி பள்ளம் வெட்டினதுல முதல் ஃப்ரெட் +4, பெண்ட் பண்ணி விட்டாலும் நிக்குது. தடி ஈ சேடிலுக்கு இப்ப பின்னால தாராளமா இடம் இருக்கு. 15-வது ஃப்ரெட் ஆட்டமும் போச்சு. மத்த பள்ளத்தை ஒண்ணொண்ணா செய்யப் போறேன்.

ரெண்டு கேள்வி. கடைசியா இன்டொனேஷன் வைக்கும்போது சரியான முறை என்ன? அப்புறம், ஈ கார்ட்ல ஜி கம்பி இன்னும் ஒரு சிட்டிகை ஏத்தமா கேக்குது, ட்யூனர் சரின்னு சொல்லுது. காது தப்பா, ட்யூனர் தப்பா?

---

ஆறுகம்பி எழுதியது:

இன்டொனேஷனுக்கு க்ளிப்பைக் கழட்டிட்டு கேபிள் மாட்டுற ட்யூனர் கிடைச்சா அதுல பாருங்க, இல்லன்னா போன் செயலி போதும். கிட்டாரை மேசையில படுக்க வைக்காம வாசிக்கிற மாதிரி மடியில வெச்சுக்குங்க, கழுத்து அந்த நிலையிலதான் பேசப் போகுது. நெக் பிக்கப், டோன் பாதி குறைச்சு. 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக் பூஜ்யத்துல நிக்கட்டும். அப்புறம் அதே ஃப்ரெட்ல வாசிக்கும்போது அழுத்துற அளவுக்கே அழுத்தி மீட்டுங்க. மீட்டின நொடி முள் மேல குதிக்கும், அதை விட்டுட்டு அடங்கினதைப் படிங்க. ஏத்தமா இருந்தா சேடில் பின்னால, இறக்கமா இருந்தா முன்னால. ஸ்குரூவைத் திருப்புறதுக்கு முன்னாடி கம்பியைத் தளர்த்துங்க, இழுவையோட நகர்த்தினா கம்பி சேடில்ல தேஞ்சு அங்கயே அறுந்துடும். எல்லாம் முடிஞ்சதும் சேடில் எல்லாம் ஒரே கோட்டுல நிக்காது. மெல்லிய ஈ முன்னால, பி அதுக்குப் பின்னால, ஜி இன்னும் பின்னால. டி திரும்ப முன்னால வந்து, ஏ, தடி ஈ படிப்படியா பின்னால போகும். அப்படி நின்னா சரியான அடையாளம்.

உங்க காதும் தப்பில்ல, ட்யூனரும் தப்பில்ல. ஈ-யை சட்ஜமா வெச்சா அந்த ஜி ஷார்ப், அந்தர காந்தாரம். தம்புராவுல தானா எழும்புற காந்தாரம் 386 சென்ட். ஃப்ரெட் கொடுக்கிறது 400. அந்த 14 சென்ட் எல்லா கிட்டார்லயும் கீபோர்ட்லயும் இருக்கு. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகின காதுக்கு அது கூர்மையா படும். ஈ கார்ட் இனிக்கணும்னு ஜி-யை இறக்கி வெச்சீங்கன்னா, அடுத்து சி கார்ட் பிடிக்கும்போது அதே ஜி பஞ்சமமா வந்து தொய்ஞ்சு கேக்கும்.

நடுவழி ஒண்ணு இருக்கு. ஜி-யை ஓப்பனா வெச்சு சுருதி சேர்க்காம, 2-வது ஃப்ரெட்ல அழுத்தி அந்த ஏ-வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க. ஓப்பன் ஜி 2, 3 சென்ட் இறங்கி நிக்கும், முதல் ஃப்ரெட் ஏத்தம் அதுல பாதி கரைஞ்சுடும். அப்புறம் கீபோர்ட் நண்பரை ஆர்கன் சத்தத்துல ஈ மேஜர் கார்டைப் பிடிச்சு வெச்சுக்கச் சொல்லி, அதுமேல உங்க ஈ கார்டை மெதுவா ஒவ்வொரு கம்பியா மீட்டுங்க. எந்தக் கம்பியில அலை அடிக்குதோ அதை மட்டும் தொடுங்க.